விடு எண்டு எழுதாதீங்க

பெரியநீலாவணை
12.01.2025

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

ஆண்டவர்ட கிருபையால உயிரோட இருக்கிறன். நல்லா இருக்கிறன் எண்டு எழுதினா நீ நம்பப் போறதில்ல, அதால அத எழுதல்ல.

நேத்து சகலன் கராஜுக்கு வந்து சொல்லிப்போட்டுப் போனார், நீ இனிப் போன் எடுக்க மாட்டியாம், கதைக்கிறதெண்டா எழுதட்டாம். இது என்ன புதுக் கூத்து? பள்ளிக்கூடத்த விட்டாப் பிறகு நான் பேனை பிடிச்சது காதில சொருகி வைக்கத்தான். தபால் கந்தோரில முத்திரை கேட்டன், அந்தப் பொடிச்சி என்னை ஏற இறங்கப் பாக்கிறா. கல்லாறு என்ன கொழும்பிலயா கிடக்கு? சைக்கிளில ஏறினா வேர்க்க முதல் உன்ட அக்கா வீட்டுப் படலையில நிப்பன். அதுக்கு ஒரு கடுதாசி, அது எங்கெங்க சுத்திப்போட்டு வந்து சேருமோ தெரியா.

வீட்டில எல்லாம் கிடந்தபடி கிடக்கு. உன்ட கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்துறன். சோறு ஒரு நாள் குழையுது, மறுநாள் கல்லுக் கணக்கா நிக்குது. முன் வீட்டு ஆக்கள் இரக்கப்பட்டு மீன் குழம்பு தந்தாங்க, உப்புக் கூட. நான் ஒண்டும் சொல்லல்ல பாத்தியா, வாய மூடிக்கொண்டு திண்டன்.

ஞாயிறு கோயிலில எல்லாரும் சுகிர்தம் எங்க, சுகிர்தம் எங்க எண்டு கேட்கிறாங்க. அக்காவுக்குச் சுகமில்ல, பாக்கப் போயிருக்கா எண்டு சொல்லி வச்சிருக்கன். ஆண்டவர்ட வாசலில நிண்டு பொய் சொல்ல வச்சிட்டாய்.

நடந்தது நடந்து போச்சி. அண்டைக்குக் கோவத்தில வாய் தவறி ஒரு சொல்லு வந்திற்று. எனக்குக் கோவம் வாறது உனக்குப் புதுசா? வரும், போயிரும். அத விடு. வெளிக்கிட்டு வீட்ட வா.

இப்படிக்கு,
உன் தேவநேசன்


பெரியகல்லாறு
21.01.2025

திரு. தேவநேசன் அவர்களுக்கு,

கடிதம் கிடைச்சது. ஞானசோதி அக்கா கல்லுக் குண்டாட்டம் இருக்கிறா. அவவ நோயாளியாக்கினதுக்கு உங்களுக்குத் தன்ட நன்றிய எழுதச் சொன்னா.

ஏன் கடுதாசி எண்டு கேட்டிருக்கிறீங்க. போனில கதைச்சா உங்கட முதல் ரெண்டு சொல்லு தேன், மூணாவது சொல்லு சத்தம். அந்தச் சத்தத்துக்கு நான் காதைத் தூரப் பிடிச்சிக்கொண்டு இருக்கிறது அக்காட வீட்டில எல்லாருக்கும் தெரியுது. வெக்கமாக் கிடக்கு. தாளில சத்தம் போடேலா. எழுத்தப் பெருசாப் போட்டீங்க எண்டா தாள்தான் முடியும்.

வாய் தவறி ஒரு சொல்லு எண்டு எழுதியிருக்கிறீங்க. என்ன சொல்லு எண்டு எழுதல்ல. உங்களுக்கு மறந்திருந்தா நான் எழுதுறன்.

அண்டைக்கு டிசம்பர் இருபத்தாறு. சுனாமியில போன ஆக்களுக்குக் கோயிலில நினைவு ஆராதனை. ஒவ்வொரு வருசமும் ரெண்டு பேருமாப் போய் எங்கட பிள்ளை எப்சிபாட பேர் வாசிக்கக்குள்ள எழும்பி நிக்கிறனாங்க. நீங்க காலமையே கராஜுக்கு ஓடிற்றீங்க. நேரமாகுதே எண்டு நான் கல்முனைக்குடிக் கராஜுக்கே வந்து கூப்பிட்டன். கச்சிமுகம்மது முதலாளி நிண்டார், எஞ்சின் திருத்த வந்த மீன்காரர் நிண்டாங்க. நான் கேட்டது ஒண்டே ஒண்டு. "நேரமாகுது, அத விட்டுப்போட்டு வாங்க." நீங்க தலைய நிமித்தாமலே சொன்னீங்க: "விடுறது உனக்குத்தான் பழக்கம். பிள்ளைட கைய விட்டவதானே நீ."

ஒருத்தரும் எனக்காக ஒரு சொல்லுக் கதைக்கல்ல. நான் தனியக் கோயிலுக்குப் போனன். எப்சிட பேர வாசிச்சாங்க, தனிய எழும்பி நிண்டன். அஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தாய் மட்டும் எழும்பி நிக்கிறாளே, தகப்பன் எங்க எண்டு சனம் திரும்பிப் பாத்திச்சி. அடுத்த நாள் பையைத் தூக்கிக்கொண்டு இஞ்ச வந்தன்.

சுனாமி வந்த அண்டைக்கு நீங்க அக்கரைப்பற்றில யாருக்கோ எஞ்சின் பூட்டப் போயிருந்தீங்க. தண்ணிக்குள்ள நிண்டவ நான். இத்தனை வருசத்தில அந்தச் சொல்ல நீங்க மனசுக்குள்ள வச்சிருந்திருக்கிறீங்க, எனக்குத்தான் தெரியாமப் போச்சி.

இனிமேல்பட்டு எனக்கு விடு எண்டு எழுதாதீங்க.

சுகிர்தமலர்


பெரியநீலாவணை
04.02.2025

அன்புள்ள சுகிர்தம்,

இண்டைக்குச் சுதந்திர தினம், கராஜ் பூட்டு. உன்ட கடிதத்தக் காலமை தொட்டு நாலைஞ்சு தரம் எடுத்து வாசிச்சன்.

நீ எழுதினதெல்லாம் சரி. நான் அப்பிடிச் சொன்னனான்தான். ஆனா நீயும் யோசிச்சுப் பார். அந்த நாள் வந்தா எனக்கு ஒண்டும் ஏலாமப் போகும். எஞ்சினுக்குள்ள தலைய விட்டுக்கொண்டு கிடந்தா நாள் தன்னால போயிரும் எண்டு நினைச்சன். அந்த நேரம் பாத்து நீ வந்து ஆக்களுக்கு முன்னால கூப்பிட்டாய். அந்த எஞ்சினும் விடியத் தொட்டு உயிரை வாங்கிக்கொண்டு கிடந்தது. ஒரு அஞ்சு நிமிசம் பிந்தி வந்திருந்தா இது ஒண்டும் நடந்திராது.

சரி, அது போகட்டும். இனிக் கோவப்பட மாட்டன் எண்டு வேதப்புத்தகத்தில கைய வச்சுச் சத்தியம் பண்ணிட்டன். கோவம் வந்தாத் தண்ணி குடிக்கச் சொல்லி முன் வீட்டு மனிசி சொல்லித் தந்தா. குடிக்கிறன். கச்சிமுகம்மது காக்கா கேட்கிறார், "என்ன தேவநேசன், சலரோகம் கிலரோகம் வந்திற்றா, போத்தலும் கையுமா இரிக்கீங்க" எண்டு.

அக்காவுக்கும் சகலனுக்கும் என்ட அன்பு. நீ எப்ப வாறாய் எண்டு எழுது.

உன் தேவநேசன்


பெரியநீலாவணை
10.03.2025

என் அன்பு சுகிர்தம்,

ஆண்டவருக்குத் தோத்திரம்! போன கடிதத்துக்கு நீ பதில் போடல்ல, பரவாயில்ல. இண்டைக்கு நான் எழுதுறது பெரிய சந்தோசம்.

கல்முனையில மூண்டு நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. போதகர் வாங்க வாங்க எண்டு நிண்டார், போனன். கடைசி நாள், பாவத்த அறிக்கையிட்டு ஒப்புக்குடுக்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்க எண்டு கூப்பிட்டாங்க. எனக்குக் கால் தன்னால எழும்பிச்சி. முழங்காலில நிண்டு குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதன். தலையில கை வச்சு ஜெபம் பண்ணினாங்க. நெஞ்சுக்குள்ள கிடந்த பாரம் அப்பிடியே இறங்கிச்சி. ஆண்டவர் என்ட பாவத்தையெல்லாம் மன்னிச்சிட்டார் சுகிர்தம்! நான் இப்ப புது மனிசன். ஏசினது, கத்தினது, உனக்குச் சொன்னது எல்லாம் போச்சி, கழுவுப்பட்டுப் போச்சி.

இனி என்ன தடை? வாற ஞாயிறு வீட்ட வா. கோழி அடிப்பம்.

உன் தேவநேசன்


பெரியகல்லாறு
19.03.2025

தேவநேசன் அவர்களுக்கு,

நோன்புப் பெருநாள் கிட்டுது. மருதமுனையில இருந்து துணி துணியா வந்து குவிஞ்சு கிடக்கு, அக்காவும் நானும் தையல் மெசினை விட்டு எழும்பேலா. அதால சுருக்கமா எழுதுறன்.

ஆண்டவர் உங்கள மன்னிச்சது நல்ல விசயம். எனக்கும் சந்தோசம். ஒண்டு மட்டும் கேட்கிறன். நீங்க ஏசினது ஆண்டவரையா?

கராஜுக்கு வந்து கூப்பிட்டது ஆண்டவரா? அந்த ஆக்களுக்கு நடுவில முகத்தத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி நடந்தது ஆண்டவரா? ஏச்சு வாங்கினது நான், மன்னிச்சது அவர், கோழி திங்கிறது நீங்க. நல்ல கணக்கு! கடிதத்த அக்காவுக்கு வாசிச்சுக் காட்டினன், அவ ஊசிய விரலில ஏத்திக்கொண்டா.

எனக்கு எவ்வளவு கோவம் எண்டா, ஒரு சொல்லு என்னிட்டயும் கிடக்கு. அண்டைக்குத் தண்ணிக்குள்ள நடந்த ஒரு விசயம். அத நான் இண்டு வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லல்ல, உங்களுக்கு நோகும் எண்டுதான் சொல்லல்ல. இப்ப அது என்ட வாயில வந்து வந்து நிக்குது. அதச் சொன்னா நீங்க எழும்ப மாட்டீங்க. ஒரு நாளைக்கு அத உங்கட தலையில போடுறதுக்கெண்டே வச்சிருக்கன்.

இஞ்ச கோயிலில திருவிருந்து நடக்கக்குள்ள நான் பீடத்தண்ட போறதில்ல. இந்த நெஞ்ச வச்சிக்கொண்டு போகேலா. எல்லாரும் எழும்பிப் போவாங்க, நான் வாங்கில இருந்து என்ட செருப்பப் பாப்பன். புது மனிசனாகின உங்களுக்கு இது விளங்குமோ தெரியா.

சுகிர்தமலர்


பெரியநீலாவணை
23.04.2025

சுகிர்தம்,

உன்ட கடிதம் வந்த அண்டைக்கு எனக்கு வந்த கோவத்துக்கு அதக் கிழிச்சுப்போட்டன். மறுகா பொறுக்கி எடுத்து ஒட்டினன். நான் புது மனிசன் எண்டு எழுதினதுக்கு அதுவே சாட்சி.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முதல் நாள் நடந்ததச் சொல்றன். மீராசாஹிபுவத் தெரியுந்தானே, சாய்ந்தமருதில இருந்து எஞ்சின் கொண்டு வாற வயசான மீன்காரர். செஞ்சு குடுத்த எஞ்சின் நடுக்கடலில நிண்டிற்றெண்டு திரும்பவும் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் ஒண்டும் ஏசல்ல. "கடலுக்குள்ள பயந்து போனன் மகன், ஒருக்காப் பாருங்க" எண்டார். எனக்கு எங்க இருந்து வந்துதோ, கையில கிடந்த நட்டுக் கழட்டுற சாவிய நிலத்தில அடிச்சுப்போட்டு, "கொண்டு போய்க் கடலில போடு உன்ட எஞ்சின!" எண்டு கத்தினன். அவர் எஞ்சினத் தூக்கித் தோளில வச்சார். "கடலுக்குக் குடுத்ததெல்லாம் போதும் மகன்" எண்டு சொல்லிப்போட்டுப் போயிற்றார்.

அவர்ட பெண்சாதியும் அதே தண்ணியிலதான் போனவ. அது எனக்குத் தெரியும். கத்தின நேரமும் தெரியும்.

அதத்தான் நான் ஈஸ்டர் அண்டைக்கு முழுக்க யோசிச்சுக்கொண்டிருந்தன். என்ட வாய் கண்ண மூடிக்கொண்டு போறதில்ல, சுகிர்தம். ஆளுக்கு எங்க நோகும் எண்டு அதுக்கு நல்லாத் தெரியும். இடம் பாத்துத்தான் குத்துது. வாய் தவறிற்று எண்டு உனக்கு முதல் கடிதத்தில எழுதினன், அது பொய். தவறல்ல. உனக்கு நோகணும் எண்டுதான் சொன்னனான்.

தண்ணி குடிச்சுப் பாத்தன், சத்தியம் பண்ணிப் பாத்தன், முன்னுக்குப் போய் அழுதும் பாத்தன். அழுத கண்ணீர் நல்ல கண்ணீர்தான், ஆனா அதுக்குள்ளயும் நான் கெட்டிக்காரன் எண்டு ஒரு நினைப்பு இருந்திருக்கு. ஈஸ்டருக்கு எல்லாரும் பீடத்தண்ட போனாங்க. நானும் போகல்ல. உன்னை மாதிரி வாங்கில இருந்தன். "ஆண்டவரே, எனக்கு ஏலா" எண்டு மட்டும் வாயில வந்தது. அதுக்கு மேல ஒரு சொல்லும் வரல்ல, கண்ணீரும் வரல்ல, மேல் சிலிர்க்கவும் இல்ல. ஆராதனை முடிய வீட்ட வந்து பாணும் சம்பலும் சாப்பிட்டன்.

திங்கக்கிழமை மீராசாஹிபு வீட்ட போனன். வாசலில போய் நிண்டா வாய் வருதில்ல. மனிசன் என்ட முகத்தப் பாத்துப்போட்டு, உள்ளுக்கு வாங்க எண்டு தேத்தண்ணி தந்தார். எஞ்சின வாங்கிக்கொண்டு வந்து செஞ்சு குடுத்திருக்கன். அந்தத் தேத்தண்ணிய நான் எப்பிடிக் குடிச்சன் எண்டு எனக்கே தெரியா.

உன்னை வரச் சொல்லி இந்தக் கடிதம் எழுதல்ல.

தேவநேசன்


பெரியகல்லாறு
04.05.2025

அன்புள்ள உங்களுக்கு,

உங்கட கடிதத்த அக்காவுக்கு வாசிச்சுக் காட்டல்ல. எனக்குள்ளயே வச்சிக்கொண்டன்.

நாலு கடிதம் எழுதியிருக்கிறீங்க. இதிலதான் "ஆனா நீயும்" எண்டு ஒரு இடமும் இல்ல. தேடிப் பாத்தன். சாப்பாட்ட ஒழுங்காச் சாப்பிடுங்க. பாணும் சம்பலும் ஒரு பெருநாள் சாப்பாடா? உயிர்த்தெழுந்த ஆண்டவரே அண்டைக்கு மீன் சுட்டுத் திண்டவர்.

ஆளுக்கு எங்க நோகும் எண்டு உங்கட வாய்க்குத் தெரியும் எண்டு எழுதினீங்க. அத வாசிச்ச நேரம் தொட்டு எனக்கு நித்திரை சரியில்ல. என்ட வாய்க்கும் தெரியுந்தானே. நீங்க கோவம் வந்த உடன எறிஞ்சிருவீங்க. நான் அப்பிடியில்ல, தீட்டித் தீட்டி வச்சிருக்கன். துணி வெட்டக்குள்ள, காஜா எடுக்கக்குள்ள, எல்லாம் அத எப்பிடிச் சொன்னா உங்களுக்குக் கூட நோகும் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருப்பன். இதில யார் பெரிய பாவி எண்டு எனக்கு இப்ப விளங்கல்ல.

படுக்க முதல் அக்காவும் நானும் பரமண்டல ஜெபம் சொல்றனாங்க. மன்னிக்கிற இடம் வந்தா என்ட வாய் நிண்டிரும். அக்கா முன்னுக்குப் போயிருவா, நான் ஆமெனுக்குத்தான் போய்ச் சேருவன். அவவுக்குத் தெரியும், கேட்கிறதில்ல.

உங்கள மாதிரி நானும் ஏலா எண்டு சொல்லிப் பாக்கிறன். இன்னும் ஒண்டும் நடக்கல்ல. வெயிலுக்குக் கறிவேப்பிலை வாடாமப் பாத்துக்கொள்ளுங்க.

சுகிர்தம்


பெரியநீலாவணை
19.05.2025

அன்பான சுகிர்தத்துக்கு,

கச்சிமுகம்மது காக்கா ஹஜ்ஜுக்குப் போறார். நாளைக்குக் கொழும்புக்கு வெளிக்கிடுறார், அவர்ட பெண்சாதி அஸீஸா ராத்தாவும் போறா. அவங்கட ஆக்கள் போக முதல் தெரிஞ்ச சனம் எல்லார்ட்டயும் போய் மாப்புக் கேட்கிறது உனக்குத் தெரியுந்தானே. இத்தனை வருசம் அவங்களுக்குள்ளேயே இருந்தும் நான் அத ஒரு வழக்கம் எண்டுதான் நினைச்சிருந்தன். பிரயாணம் சொல்ற மாதிரி.

வியாழக்கிழமை கராஜில என்னிட்ட வந்தார். என்ட கை முழுக்க எண்ணெய், அந்தக் கையப் பிடிச்சிக்கொண்டார். "தேவநேசன், நான் உங்கள ஏசியிருப்பன், மனசு நோகக் கதைச்சிருப்பன். எல்லாத்தையும் பொறுத்துக்கங்க" எண்டார். எனக்கு வெக்கமாப் போச்சி. "ஐயோ காக்கா, என்ன கதை இது, அத விடுங்க" எண்டன்.

மனிசன் கைய எடுக்கல்ல. "விடுங்க எண்டு சொல்லாதீங்க. பொறுத்தன் எண்டு சொல்லுங்க. அந்தச் சொல்லு எனக்கு வேணும். உங்களுக்குச் செஞ்சத நீங்கதான் பொறுக்கணும், அதுக்குப் பொறகுதான் நான் அல்லாஹ்ட வீட்டில போய் நிக்கேலும்" எண்டார். கண் கலங்கி நிண்டார் சுகிர்தம். என்னை வேலைக்கு வச்சிருக்கிற மனிசன்.

"பொறுத்தன் காக்கா" எண்டன். அதச் சொல்லக்குள்ளதான் எனக்கு உறைச்சிச்சி. நம்மட ஆண்டவரும் இதத்தானே சொன்னவர். காணிக்கையப் பீடத்தண்ட வச்சிப்போட்டு முதல்ல போய் அந்த ஆளோட சமாதானமாகு எண்டு. சின்னப் பிள்ளையில ஓய்வுநாள் பள்ளியில மனப்பாடம் பண்ணிப் பரிசும் வாங்கியிருக்கன். என்ட ஆயுளில ஒருத்தரிட்டயாவது நான் அப்பிடிப் போய் நிக்கல்ல. நேர ஆண்டவரிட்ட போய் முடிச்சிக்கொண்டு வந்து, ரசீது காட்டுற மாதிரி உனக்குக் காட்டினன். நீ ஏசினதில ஒரு பிழையும் இல்ல.

கராஜ் பூட்டின கையோட சாய்ந்தமருதுக்குப் போய் மீராசாஹிபுவிட்டக் கேட்டன். இந்த முறை வாய் வந்தது. இப்ப உன்னிட்டக் கேட்கிறன்.

சுகிர்தம், நான் உனக்குச் சொன்னது பாவம். நோகணும் எண்டு சொன்னனான். அதுக்கு முதலும் பெரிய பாவம் ஒண்டு செஞ்சிருக்கிறன். அண்டைக்கு என்ன நடந்தது எண்டு இந்த இருபது வருசத்தில நான் உன்னிட்டக் கேட்டதே இல்ல. கேட்கப் பயம். கேட்காம நானே ஒரு கதையக் கட்டி மனசுக்குள்ள வச்சிக்கொண்டன். நான் அங்க இல்லாமப் போனத என்னால தாங்கேலாம, உன்ட கையில பழியப் போட்டுப்போட்டு இருந்திருக்கிறன். என்னைப் பொறுத்துக்கொள். பொறுக்கேலா எண்டா அதையும் எழுது, அதுக்கும் நான் உன்னைக் கோவிக்க மாட்டன்.

அண்டைக்கு நடந்ததச் சொல்லு. நீ வச்சிருக்கிற அந்தச் சொல்லையும் சேத்துத்தான் கேட்கிறன். நான் எழும்புவனோ இல்லையோ, அது பிறகு.

கோவம் போயிற்று எண்டு எழுத மாட்டன். வருது. முந்தி கேட்காமல் உள்ளுக்கு வந்து கதிரையில குந்திக்கொள்ளும். இப்ப வாசலில நிண்டு வரவா எண்டு கேட்குது, நான் வேணாம் எண்டா சில நேரம் போகுது. இது என்ட கெட்டித்தனம் இல்ல. எனக்கு ஏலா எண்டு சொன்ன நாள் தொட்டுத்தான் இப்பிடி.

தேவநேசன்


பெரியகல்லாறு
10.06.2025

இஞ்சருங்க,

பதில் சுணங்கிற்று. நீங்க தபால்காரரப் பாத்துப் பாத்துக் கண் பூத்திருப்பீங்க, உங்கட சகலன் சொன்னார். காரணம் இருக்கு, சொல்றன்.

உங்கட கடிதம் வர முதலே கச்சிமுகம்மது காக்கா இஞ்ச வந்தார். உங்களுக்குத் தெரியாதெண்டு நினைக்கிறன். அஸீஸா ராத்தாவப் பின்னால வச்சிக்கொண்டு மோட்டச்சைக்கிளில கல்லாறு தேடி வந்திருக்கிறார். உள்ளுக்கு வாங்க எண்டாலும் வரல்ல, வாசல்படியிலயே நிண்டார். "தங்கச்சி, அண்டைக்கு அந்த இடத்தில நானும் நிண்டன். என்ட கடை, என்ட கண்ணுக்கு முன்னால. நான் வாயத் தொறக்கல்ல. அது என்ட கல்புக்குள்ள இரிக்கி. என்னப் பொறுத்துக்கங்க" எண்டார். உங்களப் பத்தி ஒரு சொல்லுக் கதைக்கல்ல. நல்ல மனிசன், வீட்ட திரும்பிப் போ எண்டும் சொல்லல்ல. தன்ட பிழைக்கு மட்டும் வந்தவர்.

நான் உடன பொறுத்தன் காக்கா எண்டு சொல்லிற்றன். அவங்க போனாப் பிறகு அடுப்படியில இருந்து ஏங்கி ஏங்கி அழுதன். அக்கா பயந்து போயிற்றா. அண்டைக்கு ஒருத்தரும் எனக்காகக் கதைக்கல்ல எண்டு நான் உங்களுக்கு மட்டுந்தான் எழுதினன். ஆனா ஒரு ஆள் அத இத்தனை மாதமாச் சுமந்திருக்கிறார் பாருங்க.

மறுகா உங்கட கடிதம் வந்தது. பொறுத்தன் எண்டு எழுத எத்தினை தரம் தாள் எடுத்தன் தெரியுமா? எழுதினா அது பொய். எழுதாம விட்டா அதுவும் ஏலாமக் கிடக்கு. காக்காவுக்கு வந்த சொல்லு உங்களுக்கு வருதில்ல. அவர் பேசாம நிண்டவர், நீங்க குத்தினவர். அவ்வளவு தூரம் என்ட கை எட்டல்ல.

முந்தநாள் பெந்தெகொஸ்தே ஞாயிறு. திருவிருந்துக்குக் கூப்பிட்டாங்க. அக்கா எழும்பினா, நானும் எழும்பிற்றன். பொறுத்துப்போட்டுப் போகல்ல, இஞ்சருங்க. பொறுக்கேலாமத்தான் போனன். நெஞ்சு சுத்தமானாப் பிறகு போகலாம் எண்டு இத்தனை மாதம் வாங்கில இருந்தன். சுத்தமானாப் பிறகுதான் போறதெண்டா அங்க போறதுக்கு ஊரில ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க எண்டு அப்பதான் விளங்கிச்சி. முழங்காலில நிண்டு கைய நீட்டினன். வெறுங்கை. ஆண்டவரே, அவருக்குக் குடுக்க என்னிட்ட ஒண்டும் இல்ல, நீர் தந்தாத்தான் குடுப்பன் எண்டன். அப்பத்த வச்சாங்க. திண்டன். அவ்வளவுதான். வானம் திறக்கல்ல. ஆனா படுக்க முதல் ஜெபம் சொல்லக்குள்ள அக்காவுக்குப் பின்னால நிக்காமச் சேந்து சொல்லியிருக்கிறன். சொல்லி முடிச்சாப் பிறகுதான் கவனிச்சன். அக்கா விளக்க அணைக்காம என்னையே பாத்துக்கொண்டிருந்தா.

இனி நீங்க கேட்டதச் சொல்றன். கதிரையில இருந்து வாசியுங்க.

அண்டைக்குக் காலமை கோயிலுக்கு வெளிக்கிட்டு நிண்டம். எப்சி முதல் நாள் போட்ட நத்தார் உடுப்ப விடமாட்டன் எண்டு திரும்பவும் அதையே போட்டுக்கொண்டா. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தம். அவட கை என்ட வலக்கையில. தண்ணி இடுப்புக்கு வந்தது, மறுகா தலைக்கு மேல போயிற்று. கறுத்த தண்ணி. ரெண்டு பேரையும் புரட்டிப் புரட்டிக் கொண்டு போச்சி. நான் பிடிச்ச பிடி விடல்ல. ஒரு தோணியோ மரமோ தெரியா, எங்கட ரெண்டு பேருக்கும் நடுவால வந்தது.

என்ட தோள்மூட்டுக் கழண்டது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில பக்கத்தில நிண்டவர் நீங்கதான். இண்டைக்கும் அந்தக் கையால மேல் கொடியில சீலை போட ஏலா, நீங்கதான் போட்டுத் தாறது. விட்டிருந்தா மூட்டுக் கழண்டிராது. விடாததாலதான் கழண்டது.

அந்தச் சொல்லையும் சொல்றன். எப்சி கடைசியாக் கூப்பிட்டது என்னை இல்ல. நான் பக்கத்தில நிக்கிறன், கையப் பிடிச்சிருக்கிறன், அவ "அப்பா" எண்டுதான் கூப்பிட்டவ. ரெண்டு தரம்.

நீங்க அங்க இல்லையே எண்டு ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்தீங்க. அதால அத நான் சொல்லல்ல. நீங்க அண்டைக்கு அப்பிடிச் சொன்னாப் பிறகு, இத எடுத்து உங்கட நெஞ்சில எறியணும் எண்டு வச்சிருந்தன். பிள்ள உங்களத்தான் கூப்பிட்டவ, நீங்க எங்க போனீங்க எண்டு கேட்கத் தீட்டி வச்சிருந்தன். அதுக்கு நீங்க என்னைப் பொறுக்கணும்.

ஆனா முந்தநாள் பீடத்தண்ட இருந்து எழும்பி வரக்குள்ள, எப்சிட குரல் எனக்கு வேற மாதிரிக் கேட்டுது. அவ யாரையும் குறை சொல்லிக் கூப்பிடல்லையே. அப்பா வந்தா எல்லாம் சரியாகும் எண்டு நம்பின பிள்ள கூப்பிட்ட கூப்பாடு அது. அவட வாயில கடைசியா இருந்தது நீங்கதான். இது உங்கட சொத்து, உங்களுக்குச் சேர வேண்டியது. இத்தனை வருசம் நான் வச்சிருந்திற்றன், இப்ப தாறன். நல்லா அழுங்க. முன் வீட்டு ஆக்கள் கேட்டா கேட்கட்டும்.

நான் பொறுத்தன். உங்களுக்கு வேண்டிய சொல்லு அதுதானே, எழுதிற்றன். நாளைக்கும் நோகும், அடுத்த டிசம்பருக்கும் நோகும். நோகக்குள்ள எல்லாம் திரும்பப் போய் அவரிட்ட வாங்கித்தான் உங்களுக்குத் தரணும். சத்தம் வந்திச்சோ, பையோட அடுத்த பஸ்ஸில ஏறுவன், அதிலயும் மாற்றம் இல்ல.

வாற ஞாயிறு நேர கோயிலுக்கு வாறன். போதகர்ட்டச் சொல்லி வையுங்க, ரெண்டு பேரும் சேந்து பீடத்தண்ட போகணும். எனக்கு இப்ப ரெண்டு முழங்காலும் சரியில்ல, அதில நிண்டாத் தனிய எழும்ப ஏலாது. வலப்பக்கம் நில்லுங்க. இந்தக் கையப் பிடிச்சுத் தூக்கி விடுங்க. மெல்லமாப் பிடிச்சாக் காணும், இது விடாத கைதான்.

உங்கட
சுகிர்தம்